வட்டம் போட்ட வண்டிகள்

மார்ச் 11, செவ்வாய்

நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. கார் ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் என்று எழுதியிருக்கிறேன். முன்னால்தான் இருக்கும். காரின் முகத்தை ஒட்டி, காற்று முதலில் வந்து மோதுகிற இடத்தில். தினமும் கையால் கழற்றுகிற பொருளை எழுதும்போது எப்படி இடம் மாற்றினேன் என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்தை அடித்துத் திருத்தாமல் பிழையை இங்கே குறித்து வைக்கிறேன்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள், உங்களுக்குத் தோன்றியதை அப்புறம் எழுதுங்கள் என்று மாலை வகுப்பு ஆசிரியை சொல்லியிருக்கிறார். இன்று அது எனக்கு முடியுமா என்று சந்தேகம். முயன்று பார்க்கிறேன்.

தெருவிளக்கு அணைவதற்குள் வேலை தொடங்கிவிட்டது. இரவில் லாரி இறக்கிப் போட்ட வண்டிகளை வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். விபத்தில் நசுங்கியவை, ஓடி ஓடித் தேய்ந்தவை, சக்கரம் போனவை. பனியில் நனைந்த இரும்பு உள்ளங்கையைக் கடித்தது. வெட்டுக்காரர் பின்னால் தோளைக் கொடுத்தார். சீட்டம்மா கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தள்ளினார். நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். சேறு எங்கள் காலை விட மறுத்தது, வண்டி சேற்றை விட மறுத்தது.

"உயிரோட ஓடுறப்ப இது யாரைத் தள்ள விட்டிருக்கும்? இப்போ நம்ம தலையில வந்து உக்காந்திருக்கு" என்றார் சீட்டம்மா. அவர் வண்டிகளின் இருக்கைகளைக் கழற்றுகிறவர். புதிதாக வருகிறவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு, சீட்டு நடத்துகிறவர் என்று நினைத்து அவரிடம் சேர வருவார்கள். "சேத்துக்கறேன். மாசம் ஒரு பின்சீட்டு தருவேன், சம்மதமா?" என்பார்.

எங்கள் யார்டில் பழைய கார்களைப் பிரிக்கிறோம். நானும் பாட்டுக்காரரும் ஏசி பிரிவு. வெட்டுக்காரர் கடைசியில் வந்து, மிஞ்சிய கூட்டைத் தீயால் வெட்டுவார். எதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்ப்பதால் என்னை எல்லோரும் 'ரெண்டுதடவை' என்று கூப்பிடுகிறார்கள்.

ஏசியைக் கழற்றுவதில் முதல் வேலை எதையும் கழற்றுவது அல்ல. குழாய்களுக்குள் கேஸ் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும். அதை மெஷின் வைத்து உறிஞ்சி சிலிண்டருக்குள் இறக்க வேண்டும். அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் சற்றுப் பொறுத்து, மறுபடி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் பேட்டரி ஒயர், பெல்ட், குழாய் நட்டுகள், கம்ப்ரெஸர், கண்டென்சர், கடைசியாக டேஷ்போர்டுக்குள் இருக்கிற குளிர்ப்பெட்டி. கேஸை எடுக்காமல் நட்டைத் தளர்த்தினால் அது பனிக்கட்டியைவிடக் குளிராகப் பீறிடும். பட்ட இடத்தில் தோல் செத்துப்போகும். பக்கத்தில் தீ இருந்தால் அதே கேஸ் விஷப் புகையாக மாறும்.

அதனால்தான் வெட்டுக்காரர் தீயைப் பற்றவைக்கும் முன்பே, இருட்டோடு வந்து, அன்றைய வண்டிகளிலிருந்து கேஸை எடுத்துவிட வேண்டும். அது மேஸ்திரியின் வேலை. மெஷின் இருக்கும் கொட்டகையின் சாவி அவரிடம் மட்டும்தான். எடுத்து முடித்த வண்டியின் பானெட்டில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். வட்டம் போட்டது 'அடங்கின வண்டி'. போடாதது 'உயிருள்ள வண்டி'. அடங்கின வண்டியில் மட்டும்தான் நாங்கள் கை வைப்போம்.

மேஸ்திரி என் அக்காவின் கணவர். அத்தான்தான் என்னை இங்கே சேர்த்துவிட்டார். வட்டம் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அதற்கு முன்னால் யார் எப்போது கேஸை எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. "வட்டம் இல்லாத வண்டியில கை வெச்சா, அந்தக் கையை நானே உடைப்பேன்" என்று ஸ்பேனரோடு நின்று சத்தம் போட்டவர். எங்களில் ஒருவராக இருந்தவரை மேஸ்திரி ஆக்கும்படி நாங்கள்தான் முதலாளியிடம் போய்க் கேட்டோம். பாட்டுக்காரர்தான் முன்னால் நின்று பேசினார்.

இன்று காலை பாட்டுக்காரர் ஒரு சாம்பல் நிற வண்டியின் முன்னால் குனிந்திருந்தார். நான் உள்ளே, டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து கிடந்தேன். அவருக்கு எந்தப் பாட்டும் முழுசாகத் தெரியாது. தெரியாத இடத்தில் எங்களைப் பிடித்துப் போட்டு நிரப்பிக்கொள்வார்.

"ரெண்டுதடவை ரெண்டுதடவை நட்டைப் பாத்தாளாம், வெக்கப்பட்டு நட்டு தானா கழண்டு..."

பாட்டு அங்கே நின்றது. சீறல் கேட்டது. பிறகு அவர் குரல். அது பாட்டுக்காரரின் குரல் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று.

நான் வெளியே வந்தபோது வெள்ளையாகப் புகை மூட்டம். அவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார். ஒரு கண் மூடியிருந்தது. துணிக் கையுறை கையோடு ஒட்டி விறைத்துப்போயிருந்தது. அடுத்த வரிசையில் வெட்டுக்காரரின் தீ எரிந்துகொண்டிருந்தது. "அண்ணே, தீயை அணைங்க!" என்று கத்தினேன். அவர் அணைப்பதற்குள் தொண்டையைக் கிழிக்கிற மாதிரி ஒரு நெடி வந்துவிட்டது. சீட்டம்மா இருமிக்கொண்டே பாட்டுக்காரரின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். காற்று வருகிற பக்கமாக, கேட்டை நோக்கி ஓடினோம்.

குழாயடியில் அவர் கையிலும் கண்ணிலும் தண்ணீர் ஊற்றினேன். சூடான தண்ணீர் கூடாது, தேய்க்கக் கூடாது என்று படித்தது நினைவுக்கு வந்தது. சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. ஊற்றிக்கொண்டே இருந்தேன். கையுறையைக் கழற்றியபோது விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. "வலிக்கலைம்மா" என்றார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

வண்டி இழுக்கிற லாரியில் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வெட்டுக்காரர் கூடப் போனார். லாரி கிளம்பும் முன் பாட்டுக்காரரின் பையை எடுக்க நான் உள்ளே ஓடினேன். அப்போது சாம்பல் வண்டிக்குப் பக்கத்தில் அத்தான் மட்டும் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து போனார். அதை அந்த நேரத்தில் நான் பெரிதாக நினைக்கவில்லை.

வெட்டுக்காரர் திரும்பி வந்த பிறகு முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். சாம்பல் வண்டியின் பானெட்டைத் தட்டினார்.

"எல்லாரும் நல்லா பாத்துக்கங்க. வட்டம் எங்கே?"

பானெட்டில் வட்டம் இல்லை.

"உயிருள்ள வண்டியில கை வெச்சா யார் பொறுப்பு? நானா? கண்ணாடியைக் கூட நெத்தியில தூக்கி வெச்சிருந்தாராமே!"

"கீறல் விழுந்து ஒண்ணுமே தெரியாத கண்ணாடிங்க அது" என்றார் வெட்டுக்காரர். "புதுசு வேணும்னு கேட்டுக் கேட்டு எங்க வாய்தான் தேஞ்சுது."

"பேச்சை மாத்தாதே. வட்டம் இல்லாம கை வைக்கலாமா, கூடாதா?"

"கூடாது. அவர் வைக்கிற ஆளும் இல்லை."

"வெச்சிருக்காரே! ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறது அவர் கைதானே? மேஸ்திரி, நீ சொல்லு."

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்த வண்டியில நான் இன்னும் கேஸ் எடுக்கலை. வட்டம் போடலை."

"கேட்டுக்கிட்டீங்களா? விதியை மீறினவருக்கு இங்க வேலை இல்லை. ஆஸ்பத்திரிச் செலவும் நம்ம தலையில இல்லை. போய் வேலையைப் பாருங்க."

காலையில் நான் அந்த வட்டத்தைப் பார்த்தேனா? பார்த்தேன் என்றுதான் மனசு சொல்கிறது. எல்லா வண்டியிலும் இரண்டுமுறை பார்க்கிறவள் நான். ஆனால் தினமும் பார்ப்பதாலேயே, இன்று பார்த்ததையும் நேற்று பார்த்ததையும் குழப்பிக்கொள்கிறேனோ? கண்டென்சரை ரேடியேட்டருக்குப் பின்னால் வைத்தவள்தானே. என் வாய் திறக்கவில்லை.

வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் வலது கை கட்டுக்குள் தலையணைபோல் பெரிதாக இருந்தது. ஒரு கண்ணிலும் கட்டு. கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாதாம். விரல்கள் தேறுமா என்பதையும் போகப் போகத்தான் பார்க்க வேண்டுமாம். முதலாளி சொன்னதை அவரிடம் மறைக்க நினைத்தேன். அவரே கேட்டு வாங்கிவிட்டார்.

"மேஸ்திரி அப்படியா சொன்னான்? வட்டம் போடலைன்னு?"

"ஆமாண்ணே."

அவர் விட்டத்தைப் பார்த்தபடி யோசித்தார். "எனக்கு இருந்த மாதிரிதான் ஞாபகம். ஆனா அவன் இல்லைன்னு சொன்னா இருந்திருக்காதும்மா. அவன் பொய் சொல்ல மாட்டான். நான்தான் பாட்டு மயக்கத்துல கவனிக்காம விட்டிருக்கேன்."

தன் கண்ணைவிட அத்தானின் வார்த்தையை அவர் நம்பினார். அதுவும் அந்தக் கண் கட்டுக்குள் இருக்கும்போது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா துவைக்கிற கல்லடியில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் வாசல்படியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா அவருடைய வேலைச் சட்டையை விரித்துப் பிடித்தாள்.

"ஏங்க, வட்டம் போட்டா சாக்பீஸ் விரல்லதானே ஒட்டும்? இன்னைக்கு என்ன சட்டைக் கையெல்லாம் வெள்ளை? முழங்கை வரைக்கும் அப்பியிருக்கு."

அவள் துவைக்கிறவளாகத்தான் கேட்டாள். கறை போகுமா போகாதா என்ற கவலையில் கேட்டாள். யார்டில் நடந்தது அவளுக்கு இன்னும் தெரியாது. பீடி நெருப்பு அத்தானின் விரலுக்கு வந்தும் அவர் அதைப் போடவில்லை.

"அத்தான்" என்றேன். "நான் பையை எடுக்க வந்தப்போ அழிச்சுட்டுத்தான் நின்னீங்களா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

"எதை அழிச்சார்?" என்றாள் அக்கா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சட்டையைத் தண்ணீரில் போடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

அத்தான் குரலைத் தாழ்த்தி, ஏதோ எங்களைச் சமாதானப்படுத்துகிறவர் மாதிரி பேசினார். "மெஷின் இங்க இல்லை. முதலாளியோட ஏசி ரிப்பேர் கடைக்குப் போயிருக்கு. இதோ வந்துடும், இதோ வந்துடும்னு சொல்லிக்கிட்டே இருந்தார். அதுவரைக்கும் வேலை நிக்கக் கூடாது, வட்டத்தை மட்டும் போடுன்னார். வர்றது எல்லாம் பழைய வண்டி. முக்காவாசியில கேஸ் தானாவே கசிஞ்சு போயிருக்கும். இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே? நான் போடலைன்னா வேற ஒருத்தன் போட்டிருப்பான்."

"அப்போ தினமும் இருட்டோட எழுந்து போனது எதுக்கு?" என்றாள் அக்கா. "நானும் கூடவே எழுந்து டீ போட்டுக் குடுத்தேனே. வட்டம் போடுறதுக்கா?"

அவர் பீடியைப் படியில் தேய்த்து அணைத்தார்.

"சரி, மெஷின் இல்லை. அது முதலாளி பண்ணினது" என்றேன். "நடந்த பிறகு அந்த வட்டத்தை அழிச்சது யார் பண்ணினது அத்தான்? அவர் இன்னும் தன் மேலதான் தப்புன்னு படுத்திருக்கார். நீங்க பொய் சொல்ல மாட்டீங்களாம்."

அவர் எழுந்து தெருவில் இறங்கிப் போய்விட்டார். அக்கா அந்தச் சட்டையைத் துவைக்கவில்லை. மடித்து ஜன்னல் திட்டில் வைத்தாள். 

தோன்றியதைக் கடைசியில் எழுத வேண்டும். நட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையே எனக்கு அத்தான்தான் கற்றுக்கொடுத்தார். கோபத்தைவிட, கூச்சமாக இருக்கிறது. அவர் போட்ட வட்டங்களை நம்பி என் முகத்தை எத்தனை குழாய்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருக்கிறேன் என்று நினைத்தால் கழுத்துப் பின்னால் சில்லென்று வருகிறது.

மார்ச் 12, புதன்

காலையில் கேட்டுக்கு வெளியிலேயே சீட்டம்மாவிடமும் வெட்டுக்காரரிடமும் சட்டைக் கையைப் பற்றிச் சொன்னேன். மற்றவர்களும் சுற்றி வந்து நின்றார்கள். வெட்டுக்காரர் மேஸ்திரியைத் தேடி அப்போதே உள்ளே பாய்ந்தார். சீட்டம்மா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்கே ஓடுறே? அவனை அடிச்சா நீ உள்ளே போவே. முதலாளி விசிலடிப்பான்."

"கூடவே உக்காந்து சாப்பிட்டவன்மா!"

"எனக்கு மட்டும் வயிறு எரியலையா? சட்டையைக் கொண்டுபோய்க் காட்டினா மாவு கொட்டுச்சும்பான். நேத்து வட்டம் இருந்துச்சா இல்லையாங்கிற வழக்கை விடு. இன்னைக்கு வட்டம் இருக்கிற வண்டி எல்லாம் வரிசையா நிக்குது இல்லை? அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாப்போம். ஏ ரெண்டுதடவை, சுவத்துல அழுத்தம் பாக்கிற பழைய கேஜ் ஒண்ணு தொங்குமே, அது வேலை செய்யுமா?"

செய்யும் என்று நினைத்தேன். செய்ய வேண்டுமே என்றும் நினைத்தேன். வட்டம் வந்த பிறகு அந்தக் கேஜை யாரும் தொட்டதில்லை. எடுத்துத் துடைத்து, குழாய்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தேன். தோல் கையுறை போட்டுக்கொண்டேன். சீட்டம்மா தன் கண்ணாடியைக் கொடுத்தார். அதுதான் யார்டிலேயே கீறல் குறைந்தது. வெட்டுக்காரர் தன் சிலிண்டர்களை மூடிவிட்டு வந்தார். எல்லோரையும் காற்றுக்கு முதுகு காட்டித் தள்ளி நிற்கச் சொன்னேன்.

முதல் வண்டி. இரண்டு குழாய்களின் மூடிகளையும் திறந்து கேஜை மாட்டினேன். முள் அசையவில்லை. பூஜ்யம்.

அந்நேரம் பார்த்து முதலாளி வந்துவிட்டார். அத்தானும் கூட வந்தார்.

"என்ன கூட்டம் இங்கே?"

"வண்டி அடங்கியிருக்கான்னு பாக்கிறோம்" என்றார் சீட்டம்மா.

"அடங்கியிருக்கா?"

"இது அடங்கியிருக்கு."

"பின்னே? மேஸ்திரி போட்ட வட்டத்துக்கு மேல சோதனையா?"

நான் இரண்டாவது வண்டிக்குப் போனேன். முள் அங்கேயும் அசையவில்லை. முதலாளி சிரித்தார். "மேஸ்திரி வீட்டுப் பொண்ணுதானே நீ? வீட்டுச் சண்டையை வீட்டுல வெச்சுக்கணும். படிக்கப் போற இடத்துல இதைத்தான் சொல்லித் தர்றாங்களா?"

என் காது சூடாயிற்று. அக்கா தவறாகப் பார்த்திருப்பாளோ? நானே எதையோ தப்பாக மாட்டுகிறேனோ? கேஜைக் கழற்றிச் சுருட்டப் போனேன்.

"இன்னொண்ணு பாரு" என்றார் சீட்டம்மா. "பாத்துட்டுச் சுருட்டு."

மூன்றாவது, கதவு நசுங்கிய ஒரு வெள்ளை வண்டி. பானெட்டில் வட்டம் பளிச்சென்று இருந்தது. கேஜை மாட்டினேன். முள் துள்ளி ஏறியது. ஏறிய இடத்திலேயே நின்றது.

 நான் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினேன். முள் மறுபடி ஏறியது. ஒவ்வொருவராக வந்து, குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வரிசையிலேயே வட்டம் போட்ட இன்னும் இரண்டு வண்டிகள் உயிரோடு இருந்தன.

"அது பழைய கேஜ்" என்றார் முதலாளி. "கோளாறு பிடிச்சது. கண்டதைக் காட்டும்."

"அப்படியாங்க?" வெட்டுக்காரர் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துத் துணியில் துடைத்தார். மாப்பிள்ளைக்கு வெற்றிலை நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார். "அப்போ பயமே இல்லை. இந்த நட்டை மட்டும் நீங்க கழட்டிக் குடுங்க முதலாளி. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

முதலாளி ஸ்பேனரை வாங்கவில்லை. வண்டியைப் பார்த்தார். ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தார்.

"இது என் வேலையா? மேஸ்திரி! நீ கழட்டிக் காட்டு."

அத்தான் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வண்டிக்குள் என்ன இருக்கிறது என்பது முதலாளிக்கும் தெரியும், அத்தானுக்கும் தெரியும்.

"என்ன நிக்கறே? கழட்டு!"

அத்தான் ஸ்பேனரை வாங்கினார். குழாய்ப் பக்கம் குனிந்தார். கையுறை இல்லை, கண்ணாடி இல்லை. ஸ்பேனரின் வாய் நட்டில் பட்டு டக்கென்று சத்தம் வந்தது. 

"அத்தான், வேண்டாம்!" என்று கத்திவிட்டேன்.

சீட்டம்மா இரண்டே எட்டில் போய் ஸ்பேனரை அவர் கையிலிருந்து பிடுங்கினார். "தள்ளுடா. உன் கையும் கைதான். இன்னொரு கை இங்க வேகக் கூடாது."

இப்போதாவது அத்தான் உண்மையைச் சொல்வார் என்று நினைத்தேன். எல்லோரும் அதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. அவர் பானெட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். முதலாளி அலுவலக அறைப் பக்கம் திரும்பி நடந்தார். அத்தானும் அவருக்குப் பின்னாலேயே போனார். கதவு சாத்திக்கொண்டது.

"வெக்கங்கெட்டவன்" என்றார் வெட்டுக்காரர். குரலில் திட்டைவிட அழுகைதான் அதிகம் இருந்தது.

அடுத்து என்ன செய்வது என்று யாரும் தீர்மானம் போடவில்லை. சீட்டம்மா கிழிந்த சீட் ஒன்றிலிருந்து ஒரு கை அளவு ஸ்பாஞ்சைப் பிய்த்தார். வாளித் தண்ணீரில் நனைத்து, வெள்ளை வண்டியின் வட்டத்தை அழுத்தித் துடைத்தார். அடுத்த வண்டிக்குப் போனார். வெட்டுக்காரரும் ஒரு துண்டைப் பிய்த்தார். டயர் கழற்றுகிறவர்கள், கண்ணாடி எடுக்கிறவர்கள், எடைமேடையில் நிற்பவர் என்று எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் வரிசை வரிசையாகத் துடைத்துக்கொண்டு போனோம். சாக்பீஸ் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகியது. வட்டம் வந்த பிறகு, ஒரு வட்டம்கூட இல்லாத யார்டை நான் இன்றுதான் பார்த்தேன். எல்லா வண்டியும் உயிரோடு நின்ற மாதிரி இருந்தது.

முதலாளி கதவைத் திறந்துகொண்டு வந்தார். "யாரைக் கேட்டு அழிச்சீங்க?"

"நேத்து அழிச்சவர் யாரைக் கேட்டார்?" என்றார் சீட்டம்மா.

முதலாளி குரலை உயர்த்தினார். "வேலை செய்யப் போறீங்களா, இல்லையா?"

"மெஷின் வரட்டும். எங்க கண்ணு முன்னால கேஸை எடுக்கட்டும். வட்டத்தை இனி கழட்டுறவங்களே போடுவாங்க. பாட்டுக்காரருக்கு வைத்தியம் உங்க பொறுப்பு, கை தேறினதும் அவர் வேலை அவருக்கு. அதுவரைக்கும் எந்த நட்டையும் யாரும் தொட மாட்டோம்."

"பிரிக்கிறதுக்கு ஆளா கிடைக்காது? நாளைக்கே சந்தியில நிக்கிற கூலி ஆளுங்களைக் கொண்டுவந்து நிறுத்தறேன். மேஸ்திரி கூட்டிட்டு வருவான். நீங்க வெளியில நின்னு கேஜைப் பாத்துக்கிட்டு இருங்க."

"அவங்களுக்கும் கண்ணு ரெண்டுதாங்க" என்றார் வெட்டுக்காரர்.

எங்களை வெளியேற்றிக் கேட்டை இழுத்துச் சாத்திவிட்டார்கள். நாங்கள் வெளியே, சாக்கடைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தோம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பசித்தபோது ஒருவர் சாப்பாட்டு டப்பாவில் எல்லோரும் கை விட்டோம். நாளை விடியுமுன் சந்திக்குப் போய் அந்தக் கூலி ஆட்களிடம் பேசுவது என்று அங்கேயே முடிவாயிற்று.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு எல்லோருமாகப் போனோம். உள்ளே இரண்டு பேரைத்தான் விட்டார்கள். சீட்டம்மாவும் நானும் போனோம்.

"அண்ணே, வட்டம் இருந்துச்சு" என்றேன். "நீங்க சரியாத்தான் பாத்தீங்க. அத்தான்தான் அதை அழிச்சுட்டார்."

பாட்டுக்காரர் கட்டுப் போடாத கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கினார். கட்டு கனத்தது. இடது கையால் துடைத்துக்கொண்டார்.

"என் தப்புன்னு நினைச்சப்போகூட இவ்வளவு வலிக்கலைம்மா" என்றார். பிறகு சீட்டம்மாவிடம், "எல்லா வட்டத்தையுமா அழிச்சீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணு பாக்கி இல்லை. உன் பாட்டு இல்லாமதான் துடைச்சோம். கை வலிச்சுப் போச்சு."

அவர் வாய் கோணிற்று. சிரிப்பென்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. மெஷின் வரவில்லை. வைத்தியத்துக்கு முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. நாளைக்கு உள்ளே வேறு ஆட்கள் இருப்பார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. அத்தான் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அவர் வந்து எதிரே உட்கார்ந்தால் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை.

நான் இதை எழுதும்போது அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நாளைக்குச் சந்திக்குப் போறீங்களாமே? என்னையும் எழுப்பு" என்றாள்.

"நீ எதுக்கு?"

"அவர் ஆள் கூப்பிட வருவார் இல்லை? நான் அங்க நிக்கறதைப் பாக்கட்டும்."

நாளைய வேலை: கூலிக்கு நிற்பவர்கள் கூடும் முன்பே சந்திக்குப் போய்விட வேண்டும். யாரோடும் சண்டை போடக் கூடாது. அவர்களும் நம்மைப்போல் வேலைக்கு வந்தவர்கள் என்று சீட்டம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். பேசுகிற பொறுப்பு என்னுடையது. பானெட்டில் சாக்பீஸ் வட்டம் இருந்தாலும், உங்கள் கண் முன்னால் முள் பூஜ்யத்தில் நிற்பதைப் பார்க்காமல் குழாயைத் தொடாதீர்கள் என்று முதலில் சொல்ல வேண்டும். எங்களோடு வந்து நில்லுங்கள் என்று கேட்பது அதற்குப் பிறகுதான்.